ஏறாத கோடு

என் கணவரைப் பழிவாங்க எனக்கு ஒரு விரலே போதுமாக இருந்தது. சனிக்கிழமைதோறும் உளவியல் ஆலோசகரின் அறைக்குள் போனதும் கையில் ஒரு டேப்லெட்டைத் தருவார்கள். திரையில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு. அந்த வாரம் எப்படி இருந்தேன் என்று தொட்டுக் காட்ட வேண்டும். நான் எப்போதும் அடிமட்டத்தில், ஒன்று என்ற எண்ணைத் தொடுவேன். மதிப்பெண் ஏறும்வரை வாரம் தவறாமல் என்னைக் கூட்டி வரும்படி அவரிடம் சொல்லியிருந்தார் ஆலோசகர். அதனால் சீட்டுக்கச்சேரியை விட்டுவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தார் மனிதர். நன்றாகக் கிடக்கட்டும்.

சும்மா இல்லை. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. என் அழுகை நிற்கவில்லை. தன் அக்காமார் முன்னால் சாப்பாட்டு மேஜையில் இவர் சொன்னார்: "இவளுக்கு மறை கழண்டுபோச்சுக்கா. டைட் பண்ணத்தான் கூட்டிட்டுப் போறேன்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் ஆலோசகர் என் மதிப்பெண்களையெல்லாம் சேர்த்துத் திரையில் காட்டினார். செத்த பாம்பு மாதிரி நீட்டிப் படுத்திருந்தது கோடு. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"ஏறவே இல்லையே. நான் செய்றதுதான் சரியில்லன்னு தோணுது. எதை மாத்தணும், நீங்களே சொல்லுங்க."

தப்பு தன்னுடையது என்று யாராவது என்னிடம் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! வீம்புக்குத் தொட்ட ஒன்றுதான் என் உண்மையும் என்று அப்போதுதான் உறைத்தது.

"வெளிய இருக்கறவரை உள்ள கூப்பிடுங்க மேடம்."

வந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று அவரையும் கோட்டில் தொட்டுக் காட்டச் சொன்னார் ஆலோசகர். யோசிக்கவே இல்லை, எட்டு. "நல்லாத்தான் இருக்கா. வேளாவேளைக்குச் சமைக்கிறாளே."

ஆலோசகர் ஒன்றையும் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் கணவரின் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"சரி, குழந்தை போனதுலேர்ந்து நீங்க எப்படி இருக்கீங்க? அதையும் தொடுங்க."

அவர் விரல் கோட்டின் மேல் அங்குமிங்கும் அலைந்தது. கடைசியில் பூஜ்யத்தில் போய் நின்றது. தோள் குலுங்கியது.

டிஷ்யூ பெட்டி என் பக்கத்தில்தான் இருந்தது. நான் நகர்த்தவில்லை. கூட உட்கார்ந்து அழ ஓர் ஆளைத்தானே இத்தனை நாளும் தேடினேன்? அந்த ஆளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒளித்தாரே, அதற்கும் சேர்த்து அழட்டும்.