தண்ணீர் முறையும் கல்யாண வெங்காயமும்

மகள் கல்யாணத்தில் விடியற்காலைப் புலாவுக்குத் தன் கொல்லை வெங்காயம்தான் என்று தோஷ்தெமிர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். யூரியா கிடையாது, மருந்து கிடையாது. மக்கிய ஆட்டு எரு, அடுப்புச் சாம்பல், ஈ அண்டாமலிருக்க வரிசைக்கு வரிசை காரட். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

வெங்காயம் முற்றும்போது மூன்று வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. மார்கிலான் ஊரில் இது கைக்குழந்தைக்கும் தெரியும், தோஷ்தெமிருக்கும் தெரியும். ஆனால் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வருவது. அவர் வேண்டாமென்றால் அது பக்கத்து வீட்டுக் கோசிமுக்குப் போய்விடும். சுவர் தாண்டிய தன் மரக்கிளையை அவன் வெட்டியதில் இருந்து, கோசிமோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. மூன்று வாரமும் தன் முறையில் மடையை வெங்காயத்துக்கே திறந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தெரு ஆண்கள் அவர் முற்றத்தில் காரட் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் ஹோல்மத் ஒரு வெங்காயத்தை வெட்டினார். கத்தியில் தண்ணீர் வழிந்தது.

"அண்ணே, இது எண்ணெயில வதங்காது, நீச்சலடிக்கும். ஐநூறு பேருக்குக் கஞ்சி ஊத்தப் போறீங்களா?"

"பஜார்ல வாங்கிக்கலாம்."

"மருந்தடிச்சதையா? இத்தனை நாள் பேசின பேச்சுக்கு அப்புறமா? கோசிம் வீட்டு வெங்காயம் நல்லா காஞ்சு கெட்டியா இருக்கு. அவரும் எருதான் போடுறாரு. போய்க் கேளுங்க."

மானமா, மகள் கல்யாணப் புலாவா? தோஷ்தெமிர் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி போனார்.

"வெங்காயம் வேணும்," என்றார்.

"எவ்வளவு?"

"ரெண்டு மூட்டை."

கோசிம் கட்டிக் கொடுத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சும்மா வாங்கிக்கொண்டு திரும்ப மனம் வராமல் தோஷ்தெமிர் அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் விடியலில், இருவருக்கு ஒரு தட்டு என்ற கணக்கில், கோசிம் அவர் தட்டுக்கே வந்து சேர்ந்தான்.

தெருப் பெரியவர் விரலை நக்கினார். "புலாவ் பிரமாதம்! உன் கொல்லை வெங்காயந்தானேப்பா தோஷ்தெமிரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கோசிம் முந்திக்கொண்டான். "பின்ன யாரோடது? நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலையே."

அது சத்தியமான உண்மை; முற்றின வெங்காயத்துக்கு அவன் மூன்று வாரமும் தண்ணீர் காட்டவில்லை. தோஷ்தெமிருக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"இல்ல, கோசிமோடது," என்றார் சத்தமாக. "என்னோடது ஆட்டுக்குத்தான் ஆகும்."

கோசிம் தட்டில் தன் பக்கமிருந்த கறியை அவர் பக்கம் தள்ளினான். தோஷ்தெமிர் திருப்பித் தள்ளினார். அவன் மறுபடி தள்ளினான். கறி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.