பதினாறு பங்கு

ஒரு திங்கட்கிழமை காலை எக்ஸ்ரே துறையின் தலைவி அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் இனி அவள் 'ஆய்வு ரேடியோகிராபர்' என்று அதில் போட்டிருந்தது. பத்தொன்பது வருடமாகப் படம் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்வதால் எல்லோருக்கும் மூச்சக்கா.

"என்ன ஆய்வு பண்ணணும் மேடம்?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்க முதல் வேலை."

கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கிகள் தொங்கும் சின்ன அறையில் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டுக்கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் அவள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசை நீண்டிருக்க, உள்ளே சும்மா இருப்பது திருட்டுத்தனம் போல இருந்தது. வீட்டில் கணவர், "அப்ப இது படிப்பா, வேலையா?" என்று கேட்டார். அவளுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

கடைசியில் கைக்குப் பழகிய ஒரு விஷயத்தையே பிடித்தாள். நெஞ்சுப் படம் சரியாக விழவில்லை என்றால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்பார்கள். ஒவ்வொரு மறுபடிக்கும் நோயாளி மேல் இன்னொரு முறை கதிர் படும். யார் எத்தனை படத்தைத் தள்ளினார்கள் என்று மெஷினே குறித்து வைத்திருந்தது. மூன்று மாதக் கணக்கை எடுத்தாள்.

மற்றவர்கள் நூற்றுக்கு ஆறு, ஏழு. அவள் நாலு. கண்ணாடி அண்ணன் பதினாறு.

தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி கூட்டினாள். பதினாறேதான். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருக்கும் அந்த மனிதர் வேலையில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவர். அவளுடைய அப்பா இருமிக்கொண்டு வந்தபோது, "அண்ணே, நீங்களே எடுங்க" என்று அவரிடம்தான் விட்டாள். அவரா துறையிலேயே மோசம்?

அன்று ராத்திரி சாப்பிடும்போதும் கணக்குத் தாளைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். "கணக்கு தப்பா?" என்றார் கணவர்.

"கணக்கு சரிங்க. எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல."

மறைப்பது நியாயமில்லை என்று தோன்றியது. மறுநாள் தாளை அவரிடமே காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பதினாறா," என்றார். பிறகு மெதுவாக, "கண்ணைக் காட்டணுமோ என்னமோ," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் அவள் படம் எடுக்கும் நாள். பக்கத்து அறையில் அவர் எடுத்த ஒரு படம் திரையில் வந்தது. நுரையீரலின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. படிப்பு முடித்து நேற்று வந்தவர்கள்கூட அதை அனுப்ப மாட்டார்கள்.

"அண்ணே, இதை ஏன் அனுப்பினீங்க?"

அவர் நிமிரவில்லை. "தள்ளினா பதினேழு ஆயிடுமேம்மா."

அவர் அதற்குமேல் உட்கார்ந்திருக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றிருந்த அந்த நோயாளி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்து, அவரே மறுபடி எடுத்தார்.

தள்ள வேண்டியதைத் தள்ளாமல் அனுப்பிய படங்களை யாரும் எண்ணவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மூன்று மாதத்தில் தள்ளாமல் போன படங்களில் ஆளுக்கு ஐம்பதை எடுத்தாள். பெயரை மறைத்து, கலைத்துப் போட்டுத் தலைவியிடம் கொடுத்தாள். எதையெல்லாம் மறுபடி எடுத்திருக்க வேண்டும் என்று அவர் குறித்துத் தந்தார். கண்ணாடி அண்ணனுடைய ஐம்பதில் ஒன்று. அவளுடைய ஐம்பதில் பதினொன்று.

வரிசை நீளும்போதெல்லாம் 'பரவாயில்லை, டாக்டருக்குத் தெரியும்' என்று அவள் அனுப்பிய படங்கள்தாம் அவை. வெட்கமாக இருந்தது. அதற்காக அவருடைய பதினாறும் சரி என்று சொல்லிவிட முடியுமா? அத்தனை பேர் மேலும் இரண்டாம் முறை கதிர் பட்டிருக்கிறதே. எது தப்பு, எது சரி என்று யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது.

தலைவி அறிக்கையைப் புரட்டினார். "இதுல முடிவுன்னு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மேடம். யார் எத்தனை தடவை திரும்ப எடுத்தாங்கன்னு கேட்டா ஆளோட லட்சணம் தெரியாதுங்கறது மட்டும் தெரியுது. சரியா என்ன கேக்கணும்னு இன்னும் பிடிபடல."

அவர் சிரிக்கவில்லை. ஆய்வை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டார். அவள் யோசிக்காமல் ஒரு பேரைச் சொன்னாள்.

கண்ணாடி அண்ணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "என்னைக் கேக்காம பேரைக் கொடுத்திட்டியா?" என்றார். அவள் தன் பதினொரு படங்களையும் திரையில் வரிசையாகத் திறந்து வைத்தாள். "இதெல்லாம் நான் அனுப்பினது, அண்ணே. அன்னைக்கு அந்தத் தாளை நீட்டும்போது இதைப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சிடுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் மூன்றையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாலாவதில் நின்றார்.

"இது போதும்மா. இதுக்குப் போய் மேடம் ஏன் குறிச்சாங்க?"

"தோள்பட்டை எலும்பு மறைக்குதே அண்ணே."

"மறைக்குது. ஆனா டாக்டர் என்ன பாக்கணும்னு கேட்டிருந்தார்?"

படம் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதி அனுப்பிய சீட்டைத் தேட வேண்டும் என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.