ஏறும் வழியும் இறங்கும் வழியும்

மழையில் மண் சரிந்ததிலிருந்து, வெள்ளிமலை ரோட்டில் அந்த ஒரு வளைவில் ஒரு சமயத்தில் ஒரு திசை வண்டிதான் போக முடியும். கீழே ஒரு கேட், மேலே ஒரு கேட். இரண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். யாரை விடுவது என்று அவர்கள் ஃபோனில் பச்சை காட்டுவது மட்டும் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து நான் எழுதிய ஆப்.

கீழ் கேட்டுக்கு எண் ஒன்று, வளைவுக்கு இரண்டு, மேல் கேட்டுக்கு மூன்று. ஏறுகிற வண்டிக்கு 1, 2, 3. இறங்குகிற வண்டிக்கு 3, 2, 1. அந்த வரிசையை ஒரே எண்ணாகச் சுருக்குவதுதான் ஹாஷ் கோட். உள்ளே போன வண்டியின் ஹாஷ் எண்ணும் அடுத்த வண்டியின் ஹாஷ் எண்ணும் ஒன்றென்றால், இரண்டும் ஒரே திசை என்று ஆப் பச்சை காட்டும். வரிசைகளையே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் வரியை நான் எழுதவில்லை. சோம்பேறித்தனம்.

ஒவ்வொரு எண்ணையும் கூட்டுமுன், அதுவரை வந்ததை 31ஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் எது முன், எது பின் என்று தெரியும். இன்று காலை அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டேன், வேகம் கூடுமாம். மூன்று எண்ணுக்கு என்ன வேகம் வேண்டிக்கிடந்தது எனக்கு?

பத்தரை மணிக்குத் திரையில் இரண்டு கேட்டும் பச்சை. வெறும் கூட்டலில் ஏறினாலும் ஆறு, இறங்கினாலும் ஆறு. இரண்டையும் சிவப்பாக்கிவிட்டுக் கீழ் கேட் பொன்னுரங்கத்துக்கு அடித்தேன்.

"அண்ணே, யாரையும் உடாதீங்க."

"இப்பத்தாம்மா உட்டேன். உன் தம்பி செழியன்தான். மரவள்ளி ஏத்தப் போறான்."

மேல் கேட்டில் குஞ்சம்மாள் எடுத்தார்.

"கரும்பு வெட்டற ஆளுங்க வேன் எறங்கிக்கினு இருக்குது. பச்சை காட்டிச்சே. இன்னாம்மா ஆச்சு?"

செழியனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதேதான். எனக்கிருந்த ஒரே தைரியம், அவன் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்காமல் போக மாட்டான் என்பதுதான். அதற்காக வீட்டில் அவனை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அடிடா, காது கிழிய அடிடா என்று மேசையைப் பிடித்தபடி நின்றேன்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான்தான். வேன் டிரைவர் ஃபோன்ல பேசறேன். நேருக்கு நேர் வந்துட்டோம். பள்ளத்துப் பக்கம் ஒடிச்சேன். முன் சக்கரம் ஒண்ணு வெளிய தொங்கிக்கினு நிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"ஹாரன் அடிக்கலையாடா?"

"பச்சை காட்டிச்சுல்ல. நீ எழுதினதாச்சேன்னு அடிக்கலக்கா."