லிஃப்ட்காரரின் தாலாட்டு

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் அல்ல. லிஃப்ட் பாதியில் முரண்டு பிடித்து நின்றுவிட்டால் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, அதைச் சமாதானப்படுத்திக் கீழே கொண்டு வருகிறவர். மோட்டாரும் சக்கரமும் கம்பிவடமும் அவர் பேச்சுக்குக் கட்டுப்படும். ஒன்றரை வயது மகள் மட்டும் கட்டுப்படமாட்டாள். அவளுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். ஆள் சிறிசு, பிடித்தால் விடமாட்டாள்.

அவருடைய மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிற வேலை. கடைக்காரர்கள் அவளை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அவள் முன்னதாகப் போய்த் தன் அக்கா வீட்டில் தங்கினாள். லிஃப்ட்காரரும் அதே ஊரில் காலை நேர வேலை ஒன்று தேடிக்கொண்டார். மனைவிக்கு மதியத்துக்கு மேல்தான் கடை. ஆளுக்குப் பாதி நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. இனிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான் பாக்கி.

மனைவியின் அக்கா தையற்கடை வைத்திருந்தார். துணியைப் போலவே ஆட்களையும் பார்த்த மாத்திரத்தில் அளந்து வெட்டிவிடுவார். கிளம்புவதற்கு முதல் நாள் அவரே ஃபோனில் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒத்தையா புள்ளையக் கூட்டிட்டு வரப்போறீங்களாமே? நெசமாவா?"

"ஆமாக்கா. நான் பாத்துக்கறேன்."

"லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு கூப்பிட்டா, உள்ள இருக்கிறவன் தாடி வளத்த பிறகு போய்ச் சேருற ஆளு நீங்க. நானும் ஸ்டேஷனுக்கு வர்றேன். புள்ள அழுத மூஞ்சியோட இறங்குச்சுன்னா, பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும் எங்கிட்டதான் இருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்சிட்டுப் போங்க."

"அக்கா, விளையாடாதீங்க."

"நான் எப்பங்க விளையாடினேன்?"

அது உண்மை. அவர் விளையாடிப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் லிஃப்ட்காரரை உறுத்தியது அக்காவின் பேச்சு அல்ல. ஃபோனுக்குப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல், "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்," என்றது. பாதி சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்.

லிஃப்ட்காரரிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் மாடி சொல்லும் பெண் குரல் ஒருமுறை கெட்டுப்போனது. புதுக்குரல் வரும்வரை நீங்களே பேசிப் பதிவு பண்ணிவிடுங்கள் என்றார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க, "முதல் தளம். கதவு திறக்கிறது. கதவு மூடுகிறது. இரண்டாம் தளம்," என்று பழகினார். எந்தப் பாட்டுக்கும் மசியாத கட்டெறும்பு, எட்டாவது தளத்தில் குறட்டை விட்டாள். அன்று முதல் அதுதான் தாலாட்டு. மனைவிக்கு நல்ல குரல்வளம். அவள் பாடினால் குழந்தை கைதட்டி இன்னொரு பாட்டுக் கேட்கும். அவர் குரல் ஒலித்த அந்த அலுவலகத்தில் மேல்மாடிக்குப் போக வேண்டிய அதிகாரிகள் சிலர் லிஃப்டிலேயே தூங்கி, மாலையில் அப்படியே கீழே இறங்கி வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். வேலை ஒன்றும் கெடவில்லையாம்.

ஒரு நிபந்தனை உண்டு. மேலே ஏறித் தூங்கிய குழந்தையை ஒவ்வொரு தளமாக இறக்கித்தான் எழுப்ப வேண்டும். தரைத் தளம் வந்ததும் சிரித்துக்கொண்டே கண் திறப்பாள். நடுவில் தொட்டால், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவள் மாதிரி அலறுவாள்.

ரயிலில் ஏறும்போது லிஃப்ட்காரரின் ஒரு தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பை. பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், மாற்றுச் சட்டைகள், ஈரத் துடைப்பான், காது அறுந்த துணி முயல் எல்லாம் பைக்குள் இருந்தன. எது வேண்டுமோ அது எப்போதும் அடியில் இருந்தது. எதிர் இருக்கையில் ஒரு பல் டாக்டரம்மா. கட்டெறும்பு அவருக்குப் பாதி மென்ற பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

"சாப்பிட்ட மாதிரி பாவனை பண்ணுங்க, போதும்," என்றார் லிஃப்ட்காரர்.

"பல்லு நல்லா வந்திருக்கு," என்றார் டாக்டரம்மா, கடித்த இடத்தைப் பார்த்து.

மத்தியானம் வரை எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் துணி முயல் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டது. குழந்தை அழ ஆரம்பித்தாள். என்ஜின் டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திக்கொண்டார், தேவைப்படவில்லை. தண்டவாளத்தில் நின்ற மாடுகள் தாமாகவே ஒதுங்கின.

"எதாவது பண்ணுங்க சார்," என்றார் டிக்கெட் பரிசோதகர், காதைப் பொத்திக்கொண்டு.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "முதல் தளம். கதவு திறக்கிறது. கதவு மூடுகிறது."

எட்டாவது தளத்தில் குழந்தை தூங்கவில்லை. முயல் போன துக்கம். இருபதில் விசும்பல் குறைந்தது. முப்பதில் டாக்டரம்மா சாய்ந்தார். நாற்பதில் பரிசோதகர் நின்றபடியே தூங்கினார், கையில் யாருடைய டிக்கெட்டோ. அந்தப் பக்கத்தில் அவ்வளவு உயரமான கட்டடமே கிடையாது. ஆனாலும் அவர் கூசாமல் ஏறிக்கொண்டே போனார். அறுபதாவது தளத்தில் கட்டெறும்பு கண்ணை மூடியபோது, பெட்டியில் விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த நிம்மதியில் அவரும் அசந்துவிட்டார். கண் விழித்தபோது ஸ்டேஷன் வந்திருந்தது. ரயில் அங்கே தண்ணீர் பிடிக்கக் கொஞ்ச நேரம் நிற்கும். வெளியே மனைவியும் அக்காவும் நின்றிருந்தார்கள். பெட்டியிலிருந்து ஓர் ஈ கூட இறங்கவில்லை.

அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினால் அழுகை, அதுவும் அக்காவின் கண்ணெதிரில். இரண்டு இரண்டு மாடியாகத் தாண்டி இறக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். தொழில் மனசு ஒப்பவில்லை. ஆளை வைத்துக்கொண்டு தளம் தாண்டுவதா? "ஐம்பத்தொன்பதாம் தளம்," என்று நிதானமாக ஆரம்பித்தார்.

முப்பத்தைந்தாம் தளத்தில் பொறுமை இழந்து அக்கா உள்ளே ஏறி வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மாடி எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? வண்டி கிளம்பப் போகுது! எறங்குங்க!"

லிஃப்ட்காரர் ஒரு விரலைக் காட்டினார். "முப்பத்துநான்காம் தளம். கதவு திறக்கிறது."

"இது என்ன கூத்து? புள்ள மூஞ்சியக் காட்டுங்க, நான் பாக்கணும்."

"கதவு மூடுகிறது."

அக்கா, ஒரு நிமிஷம்தானே என்று டாக்டரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கேதான் தப்பு நடந்தது. அடியிலிருந்து ஏறி வந்தவர்கள் எல்லாரும் இறங்க இறங்க விழிப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஏறுகிறவருக்கோ லிஃப்ட் மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரியாது. இது எல்லாக் கட்டடத்திலும் நடக்கிற சமாச்சாரம்தான். அக்கா மேலே போகிறதென்று நினைத்துக்கொண்டார். இருபத்தாறாம் தளத்தில் கொட்டாவி விட்டார். பத்தொன்பதில் தலை டாக்டரம்மாவின் தோளில் விழுந்தது.

"தரைத் தளம்," என்றார் லிஃப்ட்காரர். கட்டெறும்பு கண் திறந்து சிரித்தாள். பெட்டியே சோம்பல் முறித்தது. அவர் குழந்தையும் பையுமாகக் குதித்தார். ரயில் நகர்ந்தது.

மனைவி குழந்தையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த பிஸ்கட்தான் இருந்தது, கண்ணீர் இல்லை. குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அழலையா?"

"பாத்தா தெரியலையா?"

"சரி, அக்கா எங்கங்க?"

இரண்டு பேரும் போகிற ரயிலைப் பார்த்தார்கள். ஒரு ஜன்னலில் அக்காவின் கொண்டை மட்டும் தெரிந்தது, ஆடிக்கொண்டே.

வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி முடித்த பிறகுதான் ஃபோன் வந்தது.

"எந்த ஊருன்னே தெரியலடி," என்றார் அக்கா. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "கல்யாணத்துக்கப்புறம் நான் இப்பிடித் தூங்கினதே இல்ல."

"அக்கா, அந்தப் புள்ள விஷயம்..."

"அத நீங்களே வச்சுக்கங்க. நான்தான் மூஞ்சியப் பாக்கவே இல்லையே, எப்பிடித் தீர்ப்புச் சொல்றது?" ஒரு கொட்டாவி விட்டார். "ஏன்டி, உன் புருஷனுக்கு இனிமே மத்தியானத்துல வேலை கிடையாதுதான?"

"ஏன்க்கா?"

"சும்மா கேட்டேன். தையற்கடையில மத்தியானம் கூட்டம் இருக்காது. வந்து நாலு மாடி எண்ணிட்டுப் போகச் சொல்லு."