எதிர்க்கரை சொன்ன பெயர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. குரலை உயர்த்திச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. பேசாமல் இருந்துவிட்ட இரண்டு பெண்களின் கதை.

கோட்டையின் முதல் வாசலை எட்டியதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் வந்த தங்கை, தையல்காரி, அவளைத் தாண்டிப் போய் அந்தக் கதவில்லாத வாசலின் நிழலில் உட்கார்ந்தாள். நடுவில் அக்காவின் கணவர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மாமா, ஏற முடியாதவங்க எதுக்குக் கோட்டைக்கு வரணும்னு கேளுங்க."

"யாரு முடியாதவங்கன்னு கேளுங்க," என்றாள் அக்கா, மூச்சுக்கு நடுவே.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவனைத் தபால்காரன் ஆக்கிட்டீங்களே, ரெண்டு பேரும்!" என்றார் அவர்.

சண்டை பெரிதல்ல. மகளின் கல்யாணத் துணிகளை அக்கா பெரிய கடையில் தைக்கக் கொடுத்தாள். தங்கைக்கு முதுகுவலி, அவளை ஏன் வதைப்பது என்றுதான். "என் கை அவ்வளவு மட்டமாப் போச்சா?" என்று இவள் கேட்டாள். "உனக்கு எதையுமே நல்லபடியா எடுத்துக்கத் தெரியாது" என்று அவள் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. கல்யாணம் முடிந்து, மகளுக்குப் பிறந்த குழந்தை நடக்கவும் பழகிவிட்டது. ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தெருவிலென்றால் ஒதுங்கிப் போக ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது, மலையில் எங்கே ஒதுங்குவார்கள் என்றுதான் ஓட்டுநர் இருவரையும் இங்கே கூட்டிவந்தார்.

சிறுமிகளாக அவர்கள் ஓடித் திரிந்த கோட்டை அது. உச்சியில் பாதி இடிந்த காவல் கோபுரம். அதன் பின்சுவர் சரிந்த இடத்தில் நின்றால் நேர் கீழே பாதாளம். அடியில், நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாத ஆறு. எதிரே செங்குத்தாகப் பாறைக்கரை. இங்கிருந்து ஒரு பெயரைக் கத்தினால் எதிர்க்கரையும் அதையே கத்தும்.

உடம்புகளை அளந்தே பழகிய கண் தையல்காரிக்கு. அக்காவின் தோள் ஏறி இறங்குவது சரியில்லை என்று அந்தக் கண் பார்த்துவிட்டது. 'ஏறாதேக்கா' என்பது நாக்கு வரை வந்தது. முதலில் பேசுவது நானா என்று அதை விழுங்கினாள்.

"ஏறிக் காட்டுறேன்னு சொல்லுங்க," என்று அக்கா படியில் கால் வைத்தாள். கூடவே கிளம்பிய கணவரிடம், "முட்டிவலியை வச்சுக்கிட்டு நீங்க வேற! உட்காருங்க," என்றாள்.

வெகுநேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"சுண்டூ…!"

தங்கையை வீட்டில் கூப்பிடும் பெயர். எதிர்க்கரையும் அதை வாங்கிச் சொன்னது: ண்டூ… டூ…

"உன்னைத்தான் கூப்பிடுறா. 'என்னக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லேம்மா," என்றார் ஓட்டுநர்.

"மலைதானே மாமா கூப்பிடுது? மலைக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

இன்னொரு தடவை வரவில்லை. காற்று வந்தது. சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் பேசிக்கொண்டே இறங்கிப் போனது. அப்புறம்தான் அவள் எழுந்து, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு கைகளையும் ஊன்றி ஏறினாள்.

கோபுரச் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, பள்ளத்தைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் திரும்பாமல் இருக்கிறாள் என்றுதான் நினைத்தாள் இவள்.

"அக்கா," என்றாள். "அக்கா!"

க்கா… கா… என்றது எதிர்க்கரை.

காவலாளியும் வழியில் இருந்தவர்களும் சேர்ந்து கீழே இறக்கினார்கள். மருத்துவமனையில் டாக்டர் நாடி பார்த்தார். வரும்போதே முடிந்துவிட்டது என்றார்.

வெள்ளை ஓடு பதித்த சிறிய அறை. மகள் வாங்கி அனுப்பிய புதுத்துணியை நர்ஸ் நீட்டினாள். "மாத்திடலாம்மா, வெளியில காத்திருக்காங்க."

அக்கா மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைத் தையல்காரி கழற்றினாள். உள்ளே இருந்தது அவள் தைத்துக் கொடுத்த சட்டை. சண்டைக்கு முந்தியது. அதற்குப் பிறகு அக்கா பருத்துவிட்டாள். இரு பக்கமும் பிரித்து, உள்மடிப்புத் துணியை வெளியே எடுத்து, கையாலேயே மறுபடி தைத்திருந்தாள். கோணல் கோணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, ஊசி பிடிக்கத் தெரியாத கையின் தையல்.

வாசலில் நின்ற ஓட்டுநர் அதைப் பார்த்தார். "கடைத்தெருவுல குடுத்துத் தைச்சுக்கோன்னா கேக்கமாட்டா. வேற யாராவது அளவெடுத்தா கூச்சமா இருக்காம்," என்றார்.

நர்ஸ் புதுத்துணியைப் பிரித்தாள்.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்," என்றாள் தையல்காரி.

தையல் முடிந்த இடத்தில் ஒரு நூல்நுனி தொங்கியது. கத்தரியைத் தேடவில்லை அவள். அக்காவின் விலாவோடு குனிந்து அதைப் பல்லால் கடித்து எடுத்தாள். எடுத்த பிறகும் நிமிரவில்லை.

உங்கள் வீட்டில் பேச்சும் சிரிப்பும், வந்தால் சண்டையும்கூட, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாக இருக்கட்டும், கண்ணுகளா. நிறைந்து இருங்கள்.