எட்டு எண்ணினால் கல்யாணப் படம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரி மலருக்கு என்னிடம் நகைச்சுவைக் கட்டுரைதான் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ராமாத்தாள் வந்துவிட்டாள், நகைச்சுவையைக் காணோம். கண்டெடுத்தவர்கள் மாரப்பன், இரண்டாம் ஆண்டு வேதியியல் என்ற விலாசத்தில் ஒப்படைக்கவும்.

தொடக்கம் ஒன்று: "1974, மாசி மாதம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் வைக்கோல் லாரிகள்..." (வேண்டாம். லாரிகளுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

தொடக்கம் இரண்டு: "சிவப்பு வெளிச்சத்தில், தட்டு நீருக்குள் அவள் முகம் மெல்ல மலரும் ஒரு..." (நிறுத்திவிட்டேன். அடுத்து தாமரை வந்திருக்கும்.)

மூன்றாவது தொடக்கம் சப்பையானது, ஆனால் உண்மை. மதியத்துக்கு மேல் வகுப்பில்லாத நாட்களில், செக்போஸ்ட் பக்கத்தில் பாஸ்கல் அண்ணன் ஸ்டுடியோவில் நான் படம் கழுவுகிறேன். அவர் எடுப்பார். இருட்டறைக்குள் நான் மட்டும்.

2.

நெகட்டிவ் வழியாகத் தாளில் வெளிச்சம் விழும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். கூட எண்ணினால் படம் கறுக்கும், குறைத்தால் வெளுக்கும். பாஸ்கல் அண்ணனிடம் இதற்கு ஒரு சட்டம் உண்டு.

"கல்யாணப் படத்துக்கு எட்டு. காலேஜ் அட்டைக்குப் பத்து. செத்தவங்களுக்குப் பதினாலு."

"அதென்னுங்ண்ணா, செத்தவங்களுக்கு மட்டும்?"

"உள்ள நெறம் அவங்களுக்குத்தான்டா தாங்கும். பொண்ணு பாக்கவா வரப்போறாங்க?"

இருட்டறையில் எரிவது சிவப்பு விளக்கு. அதன் கீழே எந்தப் படமும் தேவையான அளவு கறுத்தே தெரியும். தனியாக எடுத்துப் பார்த்தால் எட்டும் பதினாலும் ஒன்றுதான். வெயிலுக்குக் கொண்டுவந்தால்தான் குட்டு வெளிப்படும்.*

*எழுத்தும் இப்படித்தான் என்று இங்கே ஒரு வரி வரவேண்டும். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

3.

ராமாத்தாள் பெருமாட்டி கிராமத்தில் தையல் டீச்சர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். என்னைத் தம்பி என்பாள். (ஆகவே இது காதல் கதை அல்ல. இந்த அடைப்புக்குறியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

நான் எட்டு எண்ணிய அவள் படத்தைப் பார்த்து இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டு வீட்டாரும் போய்விட்டார்கள்.

"காப்பியக் குடிச்சுப்போட்டு, போட்டோவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க தம்பி. போட்டோவத்தான் புடிச்சிருக்குதாட்ட இருக்குது. அதுக்கே தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போகச் சொல்லோணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "இந்தவாட்டி பொள்ளாச்சிக்காரங்க. என்ற நெறத்துலயே ஒண்ணு போட்டுக் குடுங்க. வேண்டாம்னா அங்கயே வெச்சு வேண்டாம்னு சொல்லட்டும். ஊட்டுல வந்து சொல்ல வேண்டாம்."

4.

அவள் நிறம் எத்தனை எண்ணிக்கை?

வெளிச்சத்தை மறைக்கும் அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒரே தாளில் எட்டிலிருந்து பதினாறு வரை பட்டை பட்டையாக அவள் கன்னத்தை இறக்கினேன். காய்ந்ததும் வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தேன். அவள் மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்தாள். சாம்பல் படத்தோடு மாநிறக் கையை எப்படி ஒப்பிடுவது? கண்ணைப் பாதி மூட வேண்டும். நிறம் மங்கி, வெளுப்பும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். நட்டநடு வெயிலில் இரண்டு பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றோம். இந்த வருடத்தில் நான் இன்னொருவரோடு சேர்ந்து ஒன்றைப் பார்த்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

"இதுங்க," என்று ஒரு பட்டையைத் தொட்டாள்.

பதினாலு. அது யாருக்கான எண் என்று நான் சொல்லவில்லை.

5.

அவள் அப்பாவோ பாஸ்கல் அண்ணனிடம் எட்டுதான் கேட்டிருந்தார். அவளிடம் சொல்லிவிட்டு இரண்டும் போட்டேன். உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கும் வேலையும் என்னுடையது.

எட்டு போனால் பொள்ளாச்சிக்காரர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ராமாத்தாள் பெருமாட்டியிலேயே இருப்பாள். அடுத்த படத்துக்கும் என்னிடம் வருவாள். பதினாலு போனால்... (இந்த வாக்கியம் மூன்று நாளாக இப்படியே நிற்கிறது.)

இரண்டையும் கவிழ்த்துப் போட்டேன். பின்புறம் எண் எழுத மறந்துவிட்டேன். (மறக்கவில்லை.) சிவப்பு விளக்கின் கீழே ஒன்றை எடுத்து உறையில் போட்டு ஒட்டினேன். பதினாலைத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்ள அந்த அறை வசதியானது.

மீதிப் படத்தை நான் இன்னும் வெளியே கொண்டுவரவில்லை.

6.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது.

முடிவு ஒன்று: படத்தைப் பையிலிருந்து எடுக்காமலே காப்பி குடிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: எடுக்கிறார்கள்.

இன்று வியாழன். இருட்டறைக் கதவைத் தட்டுகிறாள்.

"ஏனுங் தம்பி, எது போச்சு? மீதியக் கொண்டாங்க, வெயில்ல பாத்துப்போடலாம். அது பதினாலா இருந்தா, நானே இன்னிக்குப் பொள்ளாச்சி பஸ்ஸுல குடுத்துவுட்டர்றேன்."

கதவிடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுகிறது. (இருட்டறைக் கதவில் இடுக்கு இருக்கக் கூடாது. கதைக்காக ஒன்று வைத்துக்கொண்டேன்.) அதன் வழியே அவள் கை தெரிகிறது. வளையலை மேலே ஏற்றிவிட்டு மணிக்கட்டைத் தயாராக நீட்டியிருக்கிறாள்.

படம் என் கையில். தாழ்ப்பாள் உள்பக்கம்.

எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆறு. ஏழு. எட்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்பது.