பிராக்கன்ஷாவின் 2.47 வண்டி

செட்ரிக் ஹோல்ராய்ட் மேல் எனக்குக் கோபம் வராத நாளே கிடையாது. ஆனாலும் பதினெட்டு வருஷமாக அவனோடுதான் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறேன். பொம்மை ரயில்தான். ஆனால் அந்த வார்த்தையை எங்கள் சங்கத்தில் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் உங்களுக்கு டீ கிடைக்காது. மாதிரி ரயில் என்றுதான் சொல்ல வேண்டும்.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுவோம். எல்லோரும் நல்ல மனிதர்கள், ரயில் பேச்சு வரும்வரை. புல்லுக்கு எந்தப் பச்சை பூசுவது என்று 1988-ல் தொடங்கிய சண்டையில் இரண்டு பேர் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. நான் வேலை பார்த்தது பஸ் டிரைவராக. இங்கே தூதுவன்.

செட்ரிக் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்பது வருஷம் உழைத்து, பதினாறு அடி மேசை மேல் பிராக்கன்ஷா ஸ்டேஷனைக் கட்டினான். எப்போதோ தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்ட, மேட்டு நிலத்துச் சின்ன ஸ்டேஷன் அது. அதிலும் ஏதோ ஒரு நாளின் ஸ்டேஷன் இல்லை. 1957 ஆகஸ்ட் பதினாறு, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு போட்டோ அவனிடம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கொடியில் எத்தனை சட்டை காய்ந்தது என்பது வரை சரி பார்த்திருந்தான். ஒரு வரிசைச் செங்கல் குறைகிறது என்று சரக்குக் கொட்டகையை இரண்டு முறை இடித்துக் கட்டினான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வண்டிகளை அந்தக் காலத்து அட்டவணைப்படிதான் விடுவேன் என்று நின்றான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. எங்கள் சங்கத்தின் வருஷாந்திரக் கண்காட்சி பத்து மணியிலிருந்து நாலு மணி வரை. அந்த ஆறு மணி நேரத்தில் பிராக்கன்ஷாவுக்கு வருவது மூன்றே வண்டிகள். 10.12, 12.05, 2.47. மற்ற நேரமெல்லாம் ஆளில்லாத தண்டவாளமும் இரண்டு ஆடும்தான். பக்கத்து மேசையில் கோர்டன் பதினோரு வண்டிகளை வட்டம் வட்டமாக விரட்டிக்கொண்டிருப்பான். கூட்டம் முழுக்க அங்கே. எங்களிடம் வருகிறவர்கள், "கரண்ட் இல்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் கமிட்டி பொறுமை இழந்துவிட்டது. இரண்டு வருஷமாக எந்த ஊர்க் கண்காட்சியும் பிராக்கன்ஷாவைக் கூப்பிடவில்லை. இந்த முறையும் அழைப்பு வராவிட்டால் மேசையை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தை கோர்டனின் மலைப்பாதைக்குக் கொடுப்பது என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் போகும்போது செட்ரிக் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடந்த எங்கள் கண்காட்சிக்கு மிஸ்டர் பெட்டிஃபர் வந்தார். பெரிய நகரத்துக் கண்காட்சிக்கு மேசைகளைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். எங்கள் முன்னால் அவர் வந்து நின்றபோது மணி 2.05.

"எப்ப வண்டி விடுவீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் நாப்பத்திரண்டு நிமிஷம் இருக்கு சார்," என்றான் செட்ரிக். "உக்காருங்களேன்."

நான் அவன் சட்டையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்தேன். மேசையின் மறுகோடி அங்கேதான் இருக்கிறது. வண்டிகள் அங்கே ஒளிந்து நிற்கும். அவன் சொல்லும்போது அவற்றை வெளியே தள்ளிவிடுவது மட்டும் என் வேலை.

"ஏம்பா, உனக்கு மூளை இருக்கா? அந்த ஆளு போயிட்டா நாளைக்கு ரம்பம் வந்துரும். ஒரே ஒரு வண்டி விடுப்பா!"

"2.05-க்கு பிராக்கன்ஷாவுல வண்டி கிடையாது நெவில்."

"பிராக்கன்ஷாவே கிடையாதுய்யா! அங்க இப்ப ஆடு மேயுது!"

"அது 1957-ல உள்ளவங்களுக்குத் தெரியாதே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவனை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படவில்லை. அவன் பெட்டிஃபரிடம் ஆட்டுத் தொட்டியின் அளவை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் 2.47 வண்டியை முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்று விசையைத் திருப்பினேன். என் கைக்குப் பஸ்தான் பழக்கம், கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன் போல. இன்ஜின் துள்ளியது, பின்னால் இருந்த பெட்டி தடம் புரண்டது, இரண்டையும் இணைக்கும் தலைமுடி அளவு மெல்லிய கொக்கி ஒடிந்து என் ஷூவுக்குள் விழுந்தது.

வெளியே 2.40 ஆனதும் செட்ரிக் மணி அடித்தான். சிக்னல் அறையிலிருந்து வரும் சின்ன மணி, டிங் டிங் என்று. 2.44-க்கு சிக்னல் கை இறங்கியது. என்ன ஏது என்று நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிக்னல் போட்டாயிற்று என்றால் வண்டி வரும் என்று அர்த்தம். வந்து நின்றார்கள். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரையின் ஓட்டை வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.47. வண்டி வரவில்லை.

2.49. அதற்குள் பதினைந்து பேர் ஆகிவிட்டார்கள்.

"சிக்னல் போட்டு எவ்வளவு நேரமாச்சு? எங்கய்யா வண்டி?" என்றார் ஒருவர்.

"எப்பவும் இதே கதைதான்," என்றார் இன்னொருவர். "போன வாரம் நான் ஒரு மணி நேரம் நின்னேன். கேட்டா தண்டவாளத்துல இலை கிடக்குதுங்கிறான்."

"உங்களுக்காவது காரணம் சொன்னான்!"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எங்கள் ஜனங்களுக்கு முன்பின் தெரியாதவரோடு பேசக் கூச்சம். ஆனால் ரயில் தாமதம் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலக் கலகலப்பாகிவிடுவார்கள். ஒருவர், "என் இடத்தைப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கப் போனார். கோர்டனின் மேசையில் பதினோரு வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன, பார்க்கத்தான் ஆளில்லை. கடைப் பையோடு வந்த ஒரு அம்மாள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் நின்ற பெட்டிஃபரிடம் கொடுத்துவிட்டாள். அவரும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செட்ரிக்கின் முகம் வெளுத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகள் மன்னிக்கணும்... 2.47 வண்டி கொஞ்சம் தாமதமா வருது," என்றான். கூட்டம் மொத்தமும் "ஆஹா!" என்றது. அத்தனை சந்தோஷம் அதில்.

நான் வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து இன்ஜினையும் பெட்டியையும் ஒட்டினேன். வண்டி 2.58-க்கு வளைவில் தலை காட்டியது. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதே இல்லை. தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

பெட்டிஃபர் நேராக செட்ரிக்கிடம் வந்தார். பை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"முப்பது வருஷமா கண்காட்சி பாக்குறேன். வண்டி ஓடுறதப் பாத்திருக்கேன். ஜனங்க ஒரு வண்டிக்காகக் காத்திருந்து இன்னைக்குத்தான் பாக்குறேன். பிப்ரவரில எங்க ஊருக்கு வாங்க. ஒரே நிபந்தனை, இதே மாதிரி லேட்டா வரணும்."

நான் திரைக்குப் பின்னால் குதித்தேன். ஒற்றை ஷூவோடுதான்.

செட்ரிக் தலையாட்டினான். சம்மதம் என்று இல்லை, மாட்டேன் என்று.

"மன்னிக்கணும் சார். இன்னைக்கு நடந்தது தப்பு. ஸ்டேஷன் பதிவேட்ட நான் பாத்திருக்கேன். அன்னைக்கு அந்த வண்டி நேரத்துக்கு வந்துச்சு. வேணும்னே பொய்யா ஓட்ட என்னால முடியாது."

"மேசைய அறுத்துருவாங்கய்யா!" என்று நான் திரையை விலக்கிக்கொண்டு கத்திவிட்டேன்.

"அறுக்கட்டும் நெவில்," என்றான். அழுதுவிடுவான் என்று நினைத்தேன். எனக்கே அழுகை வந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது நாற்காலியில் இருந்த அம்மாள் சிரித்தாள். பெயர் மேவிஸ் டன்கர்லி என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"2.47 நேரத்துக்கு வந்துச்சா? யாரு சொன்னது? எங்க வீடு பிராக்கன்ஷாலதான் தம்பி. வெள்ளிக்கிழமை தவறாம அந்த வண்டிலதான் சினிமாவுக்குப் போவேன். ஒரு படத்துக்காவது ஆரம்பத்தப் பாத்திருக்கேனா?"

"பதிவேட்டுல..." என்றான் செட்ரிக்.

"மேல ரயில்வே கேட் வீட்டுல இருந்த பொம்பள வெள்ளிக்கிழமை மீன் பொரிப்பா. டிரைவர் வண்டிய நிறுத்திட்டு, சுடச்சுடத் தின்னுட்டுத்தான் வருவான். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஒரு துண்டு வரும்ல, அவரு நேரத்துக்கு வந்ததாத்தான் எழுதுவாரு."

செட்ரிக் மேசையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமும் அந்த வண்டியைத் தப்பாக, நேரத்துக்கு ஓட்டியிருக்கிறான். இத்தோடு இவன் ரயிலை விட்டே போய்விடுவான் என்று எனக்குப் பயம் வந்தது. அவனோ சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"எத்தனை நிமிஷம் லேட்டும்மா?"

"ஸ்டேஷன் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிப்பேன். மூணு மணி ஆகும். ஒரு நிமிஷம் முன்னப் பின்ன."

"முன்னயா, பின்னயா?"

மேவிஸ் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தாள். "மூணுன்னே எழுதிக்கோ," என்றாள். செட்ரிக் அட்டவணையில் 2.47-ஐ அடித்துவிட்டு 3.00 என்று எழுதி, பெட்டிஃபரிடம் கைகுலுக்கக் கை நீட்டினான்.

பிப்ரவரியில் நகரத்துக் கண்காட்சியில் பிராக்கன்ஷாவைச் சுற்றி இருநூறு பேர் நின்று, அலுத்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து, ஆனந்தமாக இருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் மழைக்கோட்டும் தடித்த கண்ணாடியும் போட்ட ஒரு ஆள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். இந்த முகம் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒருத்தர் இப்படி வருவார், புல் பச்சை அதிகம் என்பார்.

"ஒரு சின்னத் தப்பு இருக்கு," என்றார். "எங்க மாமா அந்த வண்டில கார்டா இருந்தாரு. பதிமூணு நிமிஷம் இல்ல, பன்னெண்டு. அவரு தினமும் டைரி எழுதுவாரு. இதோ, கோட்டுப் பையிலயே இருக்கு."

நான் பல்லைக் கடித்தேன். செட்ரிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க. மொத்த வருஷமும் இருக்கா, இல்ல ஆகஸ்ட் மட்டுமா?"

"மொத்தமும்."

"நெவில், அடுத்த வண்டிய நீயே பாத்துக்கோ," என்றான். பதினெட்டு வருஷத்தில் அவன் என்னை நம்பி ஒரு வண்டியை முழுசாகக் கொடுத்தது அன்றைக்குத்தான். அங்கே கண்காட்சி ஐந்து மணி வரை; 4.35-ஐ நான் நிமிஷம் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே டைரிக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செட்ரிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.